ஏறியும் இறங்கியும் நவதிருப்பதி

பொருநை என்று பழந்தமிழ் போற்றும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த ஒன்பது திருக்கோயில்கள் அமைந்துள்ளன. வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம் எனப்படும் வரகுணமங்கை, திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி; தென்கரையில் தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. இரட்டைத் திருப்பதியில் அருகருகே இரண்டு கோயில்கள் இருப்பதால் எண்ணிக்கை ஒன்பதாகிறது. 108 திவ்ய தேசங்களின் வரிசையில் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. நவக்கிரகங்களோடு தொடர்புபடுத்தி வழிபடும் வழக்கம் இருப்பதால், ஒரே நாளில் ஒன்பதையும் தரிசித்துவிட வேண்டும் என்று வருவோர் பலர்.

'தாராளமாக ஒரே நாளில் பார்த்துவிடலாம்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தூரத்தை எண்ணிச் சொல்லும் சொல் அது. திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு எல்லாத் தலங்களையும் சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான் ஆகும். ஆனால் எழுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. வண்டியில் எத்தனை முறை ஏற வேண்டும், எத்தனை முறை இறங்க வேண்டும் என்பதே கணக்கு. எட்டு இடங்களில் தரிசனம், ஓரிடத்தில் மதிய உணவு, இறுதியில் தங்குமிடம். ஆக, பத்து முறை ஏற வேண்டும். பத்து முறை இறங்க வேண்டும்.

எனக்கு வயது 71. என் மனைவிக்கு 68. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 'நடமாட்டம் சீரானால் ஒன்பது பெருமாளையும் ஒரு சேரச் சேவிக்கிறேன்' என்று அப்போது வேண்டிக்கொண்டாள். நடமாட்டம் சீரானது. ஆனால் எங்கள் பழைய காரில் அமர்வது அவளுக்குக் கிணற்றுக்குள் இறங்குவதைப் போலவும், எழுவது கிணற்றிலிருந்து ஏறுவதைப் போலவும் இருந்தது. எனவே பிரார்த்தனை தள்ளிக்கொண்டே போயிற்று.

சென்ற ஆண்டு எங்கள் மகன் மின்சாரத்தில் ஓடும் எஸ்யூவி வகைக் கார் ஒன்றை வாங்கினான். அதைத் திருநெல்வேலிக்கு ஓட்டிவந்து, "அப்பா, நவதிருப்பதிக்கு நீங்களே ஓட்டுங்கள். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. புதுப்பிப்பதா, இத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த ஒரு நாள் அதற்கு விடை சொல்லும் என்று மூவருமே எண்ணியிருந்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, வண்டியின் உயரத்தைக் கண்டு எனக்கு மனைவியைப் பற்றித்தான் கவலை. தையல் நாடாவை எடுத்து அளந்தேன். பழைய காரில் தரையிலிருந்து இருக்கை 49 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது, இதில் 67. காலைத் தூக்கி வைக்க வேண்டிய வாசல் விளிம்பு 43 சென்டிமீட்டர். கோயில் படிக்கட்டில் இரண்டு படிகளை ஒரே எட்டில் ஏறுவதற்குச் சமம். மின்சாரக் கார்களில் பேட்டரித் தொகுதி முழுவதும் தளத்துக்கு அடியில் பரப்பி வைக்கப்படுகிறது. அதனால் உள்தளம் மேலெழும்பி நிற்கிறது. "உன்னால் இதில் ஏற முடியுமா?" என்று கேட்டேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வைகறையில் புறப்பட்டோம். இரவில் ஏற்றிய மின்சாரமே நாள் முழுமைக்கும் போதுமானது. கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. எனக்கு வலி இருப்பது இடது முழங்காலில்தான் என்பதால் ஓட்டுவது சுகமாக இருந்தது. வேகமிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் தணிகிறது. பிரேக்குக்குக் காலை மாற்றி மாற்றி வைக்கும் சிரமமும் குறைவு. சாலையின் இருபுறமும் நெல்வயலும் வாழைத் தோட்டமும் பனங்கூட்டமும் மாறி மாறி வந்தன. ஸ்ரீவைகுண்டத்து இராஜகோபுரம் கண்ணில் பட்டபோது, இந்த வண்டி முதியவர்களுக்கென்றே செய்யப்பட்டது என்று உறுதியாக எண்ணினேன். ஓட்டுவது வேறு, ஏறி இறங்குவது வேறு என்பது அதன்பிறகுதான் தெரிந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் வைகுண்டநாதர் நின்ற கோலத்தில் காட்சி தருகிறார். உற்சவருக்குக் கள்ளபிரான் என்பது திருநாமம். ஆதிசேஷன் குடை பிடிக்க நிற்கும் அந்தத் திருமேனியைச் சேவித்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்து, இரண்டு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத நத்தத்தில் விஜயாசனப் பெருமாள் அமர்ந்த கோலம். அங்கிருந்து சற்றுத் தள்ளித் திருப்புளியங்குடியில் காய்சின வேந்தன் சயனக் கோலம். மூலவரின் திருவடிகளை வெளிச்சுற்றில் உள்ள சாளரத்தின் வழியே சேவிக்கலாம். நின்று, இருந்து, கிடந்து என மூன்று கோலங்களையும் ஒரு காலைப் பொழுதில் அடுத்தடுத்துக் காணும் பேறு இத்தலங்களில் கிட்டுகிறது.

பெருமாளுக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோலம். நமக்கோ ஒரே நாளில் மூன்றும் வேண்டியிருக்கின்றன. முதுமையில் நிற்பதில் துன்பமில்லை, அமர்ந்திருப்பதிலும் துன்பமில்லை. நின்றவர் அமரும்போதும், அமர்ந்தவர் எழும்போதும்தான் உடல் தன் வயதைச் சொல்கிறது. வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் அந்த இரண்டும் அல்லாமல் வேறில்லை.

திருப்புளியங்குடியில்தான் நான் தடுமாறினேன். அதற்கு முன் இரண்டு முறையும் இளமையில் பழகிய முறையிலேயே ஏறியிருந்தேன்: இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலைத் தூக்கி உள்ளே வைத்து, திறந்த கதவைப் பிடித்து உடலை மேலே இழுத்துக்கொள்வது. உடலின் முழுப் பாரமும் ஒரு நொடி வலியுள்ள இடது முழங்காலில் நின்றது. மூன்றாம் முறை நான் பிடித்திருந்த கதவு அசைந்தது. கதவு கீலில் ஆடுவது. அதை ஊன்றுகோலாகக் கொண்டால் கைவிடும். தொங்கிய வேட்டி நுனி வாசல் விளிம்பில் சிக்கியது. கோயிலில் கால் அலம்பிய ஈரம் பாதத்தில் இன்னும் இருந்தது. விழவில்லை. ஆனால் மகன் ஓடிவந்து தோளைப் பற்றிய வேகத்தில், எவ்வளவு அருகில் போய்த் திரும்பினேன் என்பது விளங்கியது.

என் மனைவி முன்னிருக்கையில் ஏற்கெனவே அமர்ந்திருந்தாள். அவள் எப்படி ஏறினாள் என்று அதுவரை நான் கவனிக்கவே இல்லை. அவளைப் பற்றிக் கவலைப்பட்டேனே தவிர, அவளைப் பார்க்கவில்லை. "இறங்கி வந்து காட்டுகிறேன், பாருங்கள்" என்றாள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இயன்முறை மருத்துவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். இருக்கையின் விளிம்பு காலின் பின்புறம் படும்வரை பின்னோக்கி நகர்ந்தாள். ஒரு கையை இருக்கையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, முதலில் அமர்ந்தாள். பின்னுக்கு நகர்ந்து, இரண்டு முழங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே திருப்பில் உள்ளே கொண்டுசென்றாள். அவ்வளவுதான். பளபளப்பான இருக்கை உறையில் பட்டுப்புடவை வழுக்கிக்கொடுத்ததால் திரும்புவது எளிதாயிற்று. இறங்கும்போது எல்லாம் தலைகீழ்: கால்கள் இரண்டையும் சேர்த்து வெளியே திருப்புவது, இருக்கையின் ஓரத்துக்கு நகர்வது, இரு பாதங்களும் தரையில் பதிந்தபின் முன்னோக்கிக் குனிந்து எழுவது. எழுவதற்கு முன் ஒரு கணம் அப்படியே அமர்ந்திருந்தாள். "இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்பாவுக்கும் சேர்த்துத்தான்" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள்.

பழைய காரில் இதே முறை அவளுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அங்கே இருக்கை அவள் இடுப்புக்கு வெகு கீழே இருந்தது. அமர்வது விழுவதாகவும் எழுவது பளு தூக்குவதாகவும் ஆயிற்று. இங்கே இருக்கை ஏறக்குறைய அவள் அமரும் உயரத்திலேயே இருக்கிறது. இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். சாய்ந்து அமர்ந்தால் போதும். உயரம் அவளுக்குப் பகை என்று நான் அஞ்சினேன். அதுவே அவளுக்குத் துணையாக இருந்தது. உயரத்தோடு போராடியவன் நான்தான்.

பெருங்குளத்தில் நான் அவள் சொன்னபடி இறங்கிப் பார்த்தேன். பாதி சரியாக வந்தது. கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. குதிகால் அந்தரத்தில் நின்றது. சாலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று காலையில் பொத்தானை அழுத்தி இருக்கையை மேலே ஏற்றிவைத்தது நினைவுக்கு வந்தது. ஓட்டுவதற்கு ஏற்றிய இருக்கையை இறங்குவதற்கு முன் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்தியவுடன் என் முதல் வேலை அதுவாயிற்று.

பெருங்குளத்தில் உற்சவரின் அருகிலேயே கருடாழ்வாரும் எழுந்தருளியிருக்கிறார். தென்திருப்பேரையிலோ, சிறுவர்கள் விளையாடுவதைப் பெருமாள் பார்க்க விரும்பியதால் கருடன் சந்நிதிக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நிற்பதாக ஐதிகம். வாகனமாக இருப்பவர் எங்கே நெருங்கி இருக்க வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதை அறிந்து பணி செய்கிறார். நம் வாகனங்களை நிறுத்தும்போதும் அந்த விவரம் வேண்டும் என்று அன்று தோன்றியது. மாடவீதிகள் குறுகலானவை. சாக்கடை ஓரமாக ஒட்டி நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும். பாதி திறந்த கதவில் கால்களைச் சேர்த்துத் திருப்ப இயலாது. சரிவில் நிறுத்தினால் கதவு தானே மூடிக்கொள்ள வரும்; பள்ளத்துப் பக்கம் இறங்குபவருக்கு உயரம் கூடும். இரட்டைத் திருப்பதியில் மகன் முதலில் இறங்கிப் போய் இடம் பார்த்து, சமதரையில் கதவு முழுவதும் திறக்கும்படி நிறுத்தச் சொன்னான். அங்கிருந்து இரு கோயில்களுக்கும் நடந்தே சென்றோம். தேவபிரானையும் அரவிந்தலோசனரையும் சேவித்துத் திரும்பியபோது, அன்று காலையில் முதன்முறையாக வலியில்லாமல் வண்டியில் அமர்ந்தேன்.

இன்னொரு சிரமம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கே உரியது. செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவது நம் வழக்கம். வெறும் பாதம் உயரத்திலிருந்து சரளைக் கல்லிலோ, வெயிலில் காய்ந்த தாரிலோ படும்போது உடல் தன்னையறியாமல் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் முழங்கால் பிசகும். என் மனைவி இதற்கு ஒரு கோணிச் சாக்கை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கதவைத் திறந்ததும் மகன் அதைத் தரையில் விரிப்பான். திரும்பி வரும்போது ஈரக் காலைத் துடைத்துக்கொள்ளவும் அதுவே உதவியது. மரமணை ஒன்றைப் படியாகப் போடலாமே என்றேன். ஆடும் மணையைவிட ஆடாத தரையே மேல் என்று மறுத்துவிட்டாள்.

மதிய உணவுக்கும் ஓய்வுக்கும் பின் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தோம். மாலை நடை திறந்ததும் தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதரைச் சேவித்தோம். வெளியே வந்தபோது என் இடது முழங்கால் கனத்திருந்தது. முறை சரியாக இருந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். ஓட்டுநர் கதவின் மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. மற்ற மூன்று கதவுகளிலும் இருந்தது. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அந்தக் கணத்தில் ஒன்று புரிந்தது: கைப்பிடி உள்ள பக்கத்துக்கு நான் மாறிக்கொண்டால் என்ன?

மாறிக்கொள்ள மனம் எளிதில் இடங்கொடுக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக வலப்புறக் கதவுதான் என் கதவு. அங்கே நின்றபடியே யோசித்தேன். திருவிழாக் காலத்தில் பெருமாள் தேருக்கு எழுந்தருளும்போது எத்தனை ஏற்பாடு! தேரோடும் ஊர்களில் தேரின் உயரத்துக்கே படிக்கட்டோடு தேர்முட்டி கட்டிவைத்திருக்கிறார்கள். ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளில் ஏந்தி, ஓரடி ஓரடியாக அதில் ஏறி, தேர்த்தட்டில் எழுந்தருளப் பண்ணுகிறார்கள். ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திருநாளில் ஒன்பது ஊர்ப் பெருமாள்களும் கருட வாகனத்தில் காட்சி தருகிறார்களே, அத்தனை பேரையும் வாகனத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் அன்பர்களின் கைகளே. உலகளந்தவனே பிறர் தோளைப் பற்றி வாகனம் ஏறுகிறான். எனக்கு மட்டும் என்ன கூச்சம்?

சாவியை மகனிடம் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். மனைவி தானாகவே பின்னிருக்கைக்குப் போனாள். நடுவில் மேடில்லாத சமதளமாக இருப்பதால் உள்ளே நகர்ந்து அமர்வது எளிதாக இருந்தது. ஆனால் தளம் உயர்ந்திருப்பதால் முழங்கால்கள் மேலெழும்பி, தொடைக்கு இருக்கையின் தாங்கல் போதவில்லை என்றாள். நெடுந்தூரத்துக்கு முதியவர்களைப் பின்னால் அமர்த்துவது சரிப்படாது என்று அப்போது குறித்துக்கொண்டோம்.

திருக்கோளூர் மதுரகவியாழ்வார் அவதரித்த தலம். மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டு பள்ளி கொண்டிருக்கிறார் வைத்தமாநிதிப் பெருமாள். இவ்வூருக்குள் இராமாநுசர் நுழையும்போது ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் தேடி வந்து புகும் ஊரிலிருந்து நீ புறப்படுவது ஏன் என்று அவர் வினவ, அடியார்கள் செய்த அருஞ்செயல்கள் எண்பத்தொன்றை அடுக்கி, இவற்றுள் ஒன்றையேனும் நான் செய்தேனா என்று அவள் கேட்டாள். உடையவர் அவளைத் திரும்ப அழைத்துச் சென்று அவள் இல்லத்திலேயே அமுது செய்தார் என்பது வரலாறு. புறப்பட்டவளை மீண்டும் புக வைத்த ஊர் அது. வண்டி ஓட்டும் பருவத்திலிருந்து புறப்பட்டுவிட்டேனோ என்ற ஏக்கத்தோடு வந்த எனக்கு அந்தச் சந்நிதி ஆறுதலாக இருந்தது.

ஆழ்வார்திருநகரியில் ஆதிநாதரையும், உறங்காப்புளியின் அடியில் பதினாறு ஆண்டுகள் மோனத்தில் வீற்றிருந்த நம்மாழ்வாரையும் சேவித்தோம். வடநாட்டு யாத்திரையில் இருந்த மதுரகவிகள், தெற்கே தெரிந்த பேரொளியைப் பின்பற்றி வந்து சேர்ந்தது அந்தப் புளியடிக்குத்தான். வயதில் அவர் மூத்தவர். ஆசானாக ஏற்ற ஆழ்வாரோ இளையவர். தன்னிலும் இளையவரிடம் கற்க அவர் தயங்கவில்லை. மனைவியிடம் அமரவும் எழவும் கற்றுக்கொண்ட நாளில், அந்தச் சந்நிதியில் கைகூப்பி நிற்பது பொருத்தமாகப் பட்டது. அவள் கண்களில் நீர் வழிந்தது. மூன்று ஆண்டுகளாகச் சுமந்த பிரார்த்தனை நிறைவேறியிருந்தது.

முதியோருடன் யாத்திரை செல்லும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லத் தகுந்தது இது. கார் வாங்குவதாயிருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வேட்டியும் புடவையுமாகவே செல்லட்டும். ஒருமுறை அமர்ந்து பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள், அதை ஏற்காதீர்கள். ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கை அவர்கள் இடுப்புக்குக் கீழே வெகுவாகத் தாழ்ந்திருக்கிறதா, வாசல் விளிம்பு அகன்று துணியைத் தடுக்கிறதா, பிடித்துக்கொள்ள உறுதியான பிடி எங்கே இருக்கிறது, கதவுடன் மட்டமாகப் பதிந்த கைப்பிடியை வலியுள்ள விரல்களால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் மிதிபலகை இருந்தால் சிலருக்கு அது படியாகும். முதலில் அமர்ந்து கால் திருப்புகிறவர்களுக்கோ கெண்டைக்காலில் இடிக்கும். யாருக்கு எது என்பதை அவரவர் உடல்தான் சொல்லும்.

திருநெல்வேலிக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. பத்தாவது முறையாக இறங்க வேண்டும். மகன் இருக்கையைத் தாழ்த்தினான். மனைவி தன் பக்கம் இறங்கிவந்து என் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கால்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பினேன். பாதங்கள் சாக்கில் பதிந்தன. ஒரு கணம் அமர்ந்திருந்தேன். பிறகு மேற்பிடியை ஒரு கையாலும், மகன் நீட்டிய கையை மறு கையாலும் பற்றி எழுந்தேன்.

உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டேன். பகலில் மட்டும், அருகிலுள்ள தலங்களுக்கு மட்டும் ஓட்டுவது என்று வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முழங்கால் கனக்கத் தொடங்கும் இடத்தில் சாவியைக் கொடுத்துவிடுவது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்திதான். வரும் வைகாசியில் கருட சேவைக்கு அழைத்துப் போகும்படி மனைவி கேட்டிருக்கிறாள். கோணிச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, மடித்து வண்டியிலேயே வைத்திருக்கிறாள்.